மண்ணெண்ணெய்ப் பெட்டி

அம்பலவாணம் பிள்ளைக்கு வெறுமனே கிடக்கிற எதுவும் பிடிக்காது. வெறும் வண்டி, வெறும் பெட்டி, வெறுங்கை, எதைக் கண்டாலும் அவருக்குப் பொறுக்காது. சுவாமி புறப்பாட்டைக் கும்பிடும்போதுகூட, பல்லக்கில் அந்த ஓரம் காலியாகப் போகிறதே என்று யோசிக்கிற மனுஷர் என்று தெற்கு ரத வீதியில் கேலி பேசுவார்கள். கேலி பேசுகிறவர்களும் விளக்குக்கு எண்ணெய் வேண்டுமென்றால் அவரிடம்தான் வரவேண்டும்.

போன வாரம் கதையை விட்ட இடம் நினைவிருக்கும். ரயிலில் வந்து இறங்குகிற மண்ணெண்ணெய் டின்களைத் தாமிரபரணி நெடுக ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுப்பது பிள்ளை வீட்டு வியாபாரம். ரயில் தண்டவாளத்தோடு போய்விடும். தெருவுக்குள் நுழைவது பிள்ளையின் மாட்டுவண்டிகள்தான். போகும்போது பாரம், திரும்பும்போது வெறும் வண்டி. அந்த வெறும் வண்டி அவர் தூக்கத்தைக் கெடுத்தது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். திரும்புகிற வண்டியில் கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை ஏற்றிவந்து, தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்கு அனுப்புவது.

அதோடு நின்றிருந்தால் புண்ணியவான். அப்பளம் வருகிற ஓலைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அடிப்பெட்டி நசுங்குகிறது. மண்ணெண்ணெய் டின்கள் வருகிற தேவதாருப் பலகைப் பெட்டிகளோ சதுரம் சதுரமாகச் சரக்கு வைக்கிற கிட்டங்கியில் வெறுமனே கிடக்கின்றன. ஆகவே அப்பளம் ஓலைப்பெட்டியை விட்டுப் பலகைப் பெட்டிக்குக் குடிமாறியது. ஒரு வண்டியில் இரண்டு வண்டிச் சரக்கு வந்தது. ஓர் அப்பளம் உடையவில்லை. கடைத்தெருவே மூக்கில் விரலை வைத்தது.

ஒருத்தி மட்டும் மூக்கையே பொத்திக்கொண்டாள். அவள் பிள்ளையின் தம்பி அம்மையப்பனின் மனைவி கோமு. கல்லிடைக்குறிச்சியில் பிறந்து உளுந்து மாவுக்கும் பிரண்டைச் சாற்றுக்கும் நடுவில் வளர்ந்தவள். கிட்டங்கி வாசலில் நின்று, "பெட்டியில மண்ணெண்ணெ வாடை அடிக்கு," என்று சொன்னாள்.

பெரியவரின் மனைவி ஆவுடைத்தாய் சிரித்த சிரிப்பை நீங்களும் கேட்டீர்கள். "மாசமா இருக்கவளுக்கு மல்லியப்பூவும் நாறத்தாம்ளா செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இனி அன்றைய கதை.

அன்று ஆனித் தேரோட்டம். நெல்லையப்பர் தேர் காலையிலேயே நகர்ந்துவிட்டது. தேர் இழுக்க ஊர்ப்புறங்களிலிருந்து வருகிற ஜனங்களுக்குக் கிட்டங்கி முற்றத்தில் மத்தியானச் சாப்பாடு போடுவது பிள்ளையின் தகப்பனார் காலத்து வழக்கம். கூடவே இன்னொரு காரியமும் அன்றைக்கே வந்து சேர்ந்தது. கொழும்புக்குச் சரக்கு வாங்குகிற மேலப்பாளையத்து முகம்மது சுல்தான் சாயங்கால ரயிலில் தூத்துக்குடியிலிருந்து வருகிறார்.

அப்பளம் வாங்குகிறவர் கட்டைப் பார்த்து வாங்கமாட்டார். பொரிக்கச் சொல்லி, தின்று பார்த்துத்தான் வாங்குவார்.

"ஏளா கோமு, ஒரு பெட்டியைத் தொறந்து நாலு பொரிச்சுப் பாரு. சாயபு வந்த பொறவு உப்புக் கூடிப்போச்சுன்னு முழிக்கப்படாது," என்றாள் ஆவுடைத்தாய்.

கோமு பொரித்தாள். பச்சையாக இருக்கிற வரைக்கும் பெருங்காய மணம் அந்த வாடையை அமுக்கி வைத்திருந்தது. காய்ந்த எண்ணெயில் அப்பளம் விழுந்து பூரித்ததுதான் தாமதம், தெருவிளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறவன் அடுக்களைக்குள் வந்து நின்றது போல் ஆகிவிட்டது. கோமு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆவுடைத்தாய்க்குத் தன் மூக்கின்மேல் நம்பிக்கை இல்லை. ஒரு துண்டைக் கடித்தாள். கடித்த வேகத்தில் முற்றத்துக்கு ஓடித் துப்பினாள். செம்புத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தாள். மறுபடியும் துப்பினாள்.

"சீ, சவம்! நாக்குல ஒட்டிக்கிட்டுப் போகமாட்டேங்கு."

"ஒங்களுக்கும் மசக்கையாக்கா?" என்றாள் கோமு.

ஆவுடைத்தாய் முறைத்தாள். ஆனால் பதில் சொல்ல வாய் வரவில்லை, வாயில்தான் மண்ணெண்ணெய் இருந்ததே.

செய்தி போய் அம்பலவாணம் பிள்ளை வந்தார். மூத்தவர் முன்னால் இளையவள் நிற்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. கோமு கதவுக்குப் பின்னால் போனாள். கதவிடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது. பிள்ளை ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். முகம் மாறாமல் மென்றார். பிறகு கொல்லைப் பக்கம் போனார். அங்கே அவர் காறித் துப்புகிற சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்டது.

திரும்பி வந்து தம்பியைக் கூப்பிட்டார். "லே அம்மையப்பா, அந்தப் பெட்டியளைத் தொற."

அம்மையப்பன் ஒவ்வொன்றாக ஆணியை நெம்பித் திறந்தான். பலகை குடித்திருந்த எண்ணெய் அத்தனையையும் அப்பளம் குடித்திருந்தது. அடியில் இருந்தது இன்னும் மோசம். சில பெட்டிகள் திறந்ததும் பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினார்.

"போதும். மிச்சத்தைத் தொறக்காத."

திறக்காத பெட்டியில் வாடை இல்லை என்பது அவருடைய சாஸ்திரம்.

மூலையில் ஒரே ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. கடைசி வண்டிக்குப் பலகைப் பெட்டி ஒன்று குறைந்ததால், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டுத் தருகிற கோமுவின் அத்தை உலகம்மை தன் வீட்டு ஓலைப்பெட்டியிலேயே வைத்துக் கட்டி அனுப்பியிருந்தாள். அதிலிருந்து ஒன்றைப் பொரித்தார்கள். உளுந்தும் பெருங்காயமும் மணக்க மணக்க, பொன்னிறமாகப் பூத்து வந்தது. அம்பலவாணம் பிள்ளை அதை முழுசாகத் தின்றார்.

"சாயபு வந்தா இதுல இருந்து பொரிச்சுக் காட்டு. அவரு சரின்னதும் தொறக்காத பெட்டியை வண்டியில ஏத்து. கொழும்புல போயி வாடை அடிச்சா, கப்பல்காரன் டின்னு பக்கத்துல வச்சுட்டாம்னு சொல்லிக்கிடலாம்."

"தொறந்த பெட்டி?" என்றான் அம்மையப்பன்.

"இன்னைக்குப் பந்தியில போடு."

அம்மையப்பன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். "தேர் இழுக்கவங்களுக்கா?"

"பின்னே? வெறுமனே தூரப் போடுததுக்கா வண்டி வச்சுக் கொண்டாந்தேன்? தானம் குடுத்த மாட்டை எவம்லே பல்லைப் புடிச்சுப் பாக்கான்?"

"யாராவது கேட்டா..."

"கல்லிடைக்குறிச்சிப் பொம்பளையாளுவ கைன்னு சொல்லு. அவளுவ வீட்டுலயும் இப்ப மண்ணெண்ணெ விளக்குதானே எரியுது? நாமதானே விக்கோம். விளக்கைத் தொடச்ச கையோட மாவைப் பெசஞ்சா வாடை அடிக்காம என்ன செய்யும்? இனிமே அந்தத் தெருவுல சரக்கு எடுக்க வேண்டாம். அம்பாசமுத்திரத்துல பாப்போம்."

கதவுக்குப் பின்னால் கோமுவுக்கு அடிவயிற்றிலிருந்து ஓங்கரித்துக்கொண்டு வந்தது. இந்தத் தடவை மசக்கை இல்லை.

தாயில்லாத கோமுவை எடுத்து வளர்த்தவள் உலகம்மை அத்தை. புருஷனைப் பறிகொடுத்த பிறகு அவள் கைக்கு மிஞ்சியது அப்பளக் குழவி ஒன்றுதான். அவளைப் போல நாதியற்ற பெண்கள் அந்தத் தெருவில் அவளை அண்டி உருட்டிப் பிழைக்கிறார்கள். அவர்களுக்கு நிலம் இல்லை, நீர் இல்லை. கை சுத்தம் என்கிற பெயர் ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரைத்தான் பெரியவர் இப்போது கொல்லைப் பக்கம் துப்பிவிட்டு வந்திருக்கிறார்.

கிணற்றடியில் கோமு தன் புருஷனைப் பிடித்தாள்.

"கேட்டுக்கிட்டுத்தானே நின்னிய?"

அம்மையப்பன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். "என்னத்த?"

"பெட்டி வாடை அடிக்குன்னு நான் சொல்லல? வண்டிக்காரன் சுடலைக்கண்ணு ஏத்தும்போதே ஒங்ககிட்டச் சொன்னானா இல்லையா?"

"சொன்னான்."

"பொறவு ஏன் அண்ணாச்சிகிட்டச் சொல்லல?"

"அண்ணன் முன்னால நின்னு நான் எதுத்துப் பேசினது உண்டா? ஊரே மெச்சுது, நான் போயி வாடை அடிக்குன்னா, ஒனக்கு என்னலே தெரியும்பாரு."

"சரி, அன்னைக்குப் பயந்திய. இன்னைக்கு எங்க அத்தை தலையில கட்டுதாகளே, இதுக்கும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருப்பியளா?"

"பைய பேசு. பந்தி முடியட்டும். பொறவு பாப்போம்."

நல்லவன்தான் அம்மையப்பன். ஒருத்தரை அடித்ததில்லை, ஒரு பொய்யைத் தானாகச் சொன்னதில்லை. பிறர் சொல்லுகிற பொய்க்கு நிழல் கொடுத்துக்கொண்டு ஆலமரம் மாதிரி நிற்பான். கோமுவுக்கு அந்த நல்லதனத்தின்மேல் முதல் தடவையாக அருவருப்பு வந்தது. அவன் கழுவிக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள். அது எத்தனை கழுவியும் நாறும் என்று தோன்றியது.

தேர் வாகையடி முக்கில் வந்து நின்றுவிட்டதாகச் சத்தம் வந்தது. இழுத்தவர்கள் வியர்வையும் புழுதியுமாகக் கிட்டங்கி முற்றத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். அதே நேரத்தில் வாசலில் இன்னொரு குரலும் கேட்டது.

"ஏ கோமு! எங்கட்டி இருக்கே?"

உலகம்மை அத்தை! காலை ரயிலில் வந்து, தேர் பார்த்து, கூட்டத்தில் நசுங்கி, முழங்கையில் சிராய்ப்போடு நின்றாள். கையில் ஒரு சின்ன ஜாடி. பிள்ளைத்தாய்ச்சிக்கென்று நார்த்தங்காய் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"மூஞ்சி ஏன் இப்பிடி வெளிறிக் கெடக்கு? சோறு தங்கலையா?" என்று கோமுவின் கன்னத்தைத் தடவினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள், தாழ்த்தினாலும் சந்தோஷம் அமுங்கவில்லை. "வழியில சுடலைக்கண்ணு சொன்னான். நம்ம அப்பளத்தைத் தேர்ச் சாப்பாட்டுக்குப் போடுதாகளாமே! நெல்லையப்பருக்கு வடம் புடிச்சவன் வாயில நம்ம கை படுது. தெருவுல போயிச் சொன்னா எல்லாவளும் அழுதுருவாளுவ."

கோமு வாயைத் திறந்தாள். பின்னால் ஆவுடைத்தாய் வந்து நின்றாள். "வாங்க அத்தை. ஏளா கோமு, பேச்சுக்கு இதுவா நேரம்? எலையைப் போடு, பந்தி பாத்துக்கிட்டு நிக்கு," என்று விரட்டினாள். கோமு இலைக்கட்டை எடுக்கப் போனாள்.

முற்றத்தில் பந்தி நடந்தது. கோமு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பருப்பும் அவியலும் ரசமும் குறைவில்லாமல் ஓடின. அப்பளம் வந்ததும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஒருவன் முகர்ந்து பார்த்து இலைக்கு வெளியே தள்ளினான். ஒருவன் திரும்பி, வாசலில் படுத்திருந்த நாய்க்குப் போட்டான். நாய் எழுந்து வந்து மோந்தது. பிறகு பழைய இடத்துக்கே போய்ப் படுத்துக்கொண்டது.

ஓரத்தில் ஒரு கிழவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் தின்றார். பக்கத்திலிருந்தவன், "வாடை அடிக்குல்லா, தாத்தா?" என்று கேட்டான்.

"சாமி சாப்பாடுலே. கொறை சொல்லப்படாது," என்று கடைசித் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டார்.

கோமு ஜன்னலைச் சாத்தினாள். அந்தக் கிழவர் முகத்தைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. இந்த வீட்டுச் சோற்றை இத்தனை நாள் தின்றிருக்கிறோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

உள்ளே பெண்களுக்கு இலை போட்டார்கள். அத்தையின் இலையில் கோமு எல்லாவற்றையும் பரிமாறினாள், அப்பளத்தைத் தவிர. அத்தை தேடினாள்.

"என் கை அப்பளத்தை எனக்கே இல்லேங்கியாட்டி?"

"வேண்டாம் அத்தை. இன்னைக்கு வேண்டாம்."

"மகளை வளத்தவ எலைக்கு அப்பளம் இல்லையா, நல்லாருக்கே!" என்று ஆவுடைத்தாய் வந்து ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். தெரிந்துதான் வைத்தாளா, தட்டில் இருந்ததைப் பழக்கத்தில் வைத்தாளா, அது அவளுக்கும் அந்த நெல்லையப்பருக்கும்தான் வெளிச்சம்.

உலகம்மை ஒரு துண்டை ஒடித்து வாயில் வைத்தாள்.

அவள் துப்பவில்லை. மென்று விழுங்கினாள். பிறகு இன்னொரு துண்டை எடுத்து முகர்ந்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. தன் வலது கையை விரித்து உள்ளங்கையை மூக்கின் பக்கம் கொண்டுபோனாள். அந்தக் கையை அவள் முகர்ந்து பார்த்ததைக் கோமு சாகிற வரைக்கும் மறக்கமாட்டாள்.

"விளக்குதான்," என்றாள் அத்தை. "புதுசா வாங்கினோம்லா, மண்ணெண்ணெ விளக்கு. சாயங்காலம் திரியைத் தூண்டிட்டுக் கையைக் கழுவினோம்னுதான் நெனச்சேன். கழுவலையோ என்னமோ."

"அத்தை, இல்ல..."

அது அத்தை காதில் விழவில்லை. பாதி இலையில் எழுந்துவிட்டாள். எழுந்தவள் நேரே கூடத்து வாசலுக்குப் போனாள். அங்கே அண்ணனும் தம்பியும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். உலகம்மை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னை மன்னிச்சிருங்கய்யா. ஒங்க வீட்டுத் தர்மத்துல நான் மண்ணெண்ணெயைக் கலந்துட்டேன்."

அம்பலவாணம் பிள்ளை சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். ஒரு க்ஷணம்தான் யோசித்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு கருணை வந்தது. அந்தக் கருணையைப் போல அசிங்கமான ஒன்றை எழுத எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

"போட்டும் அத்தை, மனசுல வச்சுக்கிடாதிய. வயசாகுதுல்லா, கை தவறத்தான் செய்யும். நாங்க யாருகிட்டயும் சொல்லமாட்டோம். இனிமே நீங்க ஓய்வா இருங்க."

உலகம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குக் கும்பிடு போட்டாள்! கெடுத்தவனை, கெட்டவள் கும்பிட்டாள்.

கோமு பார்த்தாள். பெரியவர் இலையில் அப்பளம் இல்லை. புருஷன் இலையிலும் அப்பளம் இல்லை. எல்லா இலைக்கும் போட்டவர்கள் இந்த இரண்டு இலைக்கு மட்டும் போடவில்லை. அவளுக்குள் ஏதோ அறுந்தது. அடுக்களைக்குப் போய்த் தட்டிலிருந்து ஓர் அப்பளத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இதுவரை ஒரு தடவைகூட மூத்தவர் எதிரில் தாண்டாத நிலைப்படியைத் தாண்டினாள்.

"ஏளா!" என்றாள் பின்னாலிருந்து ஆவுடைத்தாய்.

கோமு அப்பளத்தைப் புருஷன் இலையில் வைத்தாள். "எங்க அத்தை கை தப்பு செஞ்சுதா, பெட்டி தப்பு செஞ்சுதா? ஒங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

தூரத்தில் தேரடியில் கொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

அம்மையப்பன் மனைவியைப் பார்த்தான். நிலைப்படியில் நிற்கிற கிழவியைப் பார்த்தான். அவன் உதடு பிரிந்தது.

"லே, சாப்பிடும்போது என்ன பேச்சு? சாப்பிடு," என்றார் அம்பலவாணம் பிள்ளை.

அம்மையப்பன் குனிந்தான். அப்பளத்தை எடுத்தான். கடித்தான். அது நொறுங்குகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. கடைசித் துணுக்கு வரைக்கும் தின்று, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான்.

கோமு கொல்லைக்கு ஓடினாள். குடலே வெளியில் வந்துவிடும்போல வாந்தி எடுத்தாள். அத்தை பின்னால் வந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வயித்துப் பிள்ளைக்காரி இப்படியா கோவப்படுவே? தப்பு என்மேலதானட்டி."

"ஒங்கமேல இல்ல," என்றாள் கோமு, வாயைத் துடைத்துக்கொண்டு. ஒவ்வொன்றாகச் சொன்னாள். பலகைப் பெட்டியைச் சொன்னாள், பெரியவர் துப்பியதைச் சொன்னாள், கப்பல்காரன் கதையைச் சொன்னாள். அத்தை நம்பவில்லை. கோமு அவளைக் கிட்டங்கிக்கு இழுத்துக்கொண்டுபோய், திறந்து கிடந்த ஒரு வெறும் பெட்டிக்குள் அவள் முகத்தைக் குனிய வைத்தாள்.

அத்தை நிமிர்ந்தாள். தன் கையை மறுபடியும் ஒரு தடவை முகர்ந்துகொண்டாள். இந்தத் தடவை நிதானமாக முகர்ந்தாள். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"தூ!"

மூலையில் அந்த ஓலைப்பெட்டி இருந்தது. கோமு அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க கட்டின பெட்டி. நீங்களே கொண்டு போங்க. நானும் வாரேன்."

"தேர் நாளும் அதுவுமா, புருஷன் வீட்டை விட்டு..."

"இந்த வீட்டுல எனக்கு ஒரு வாய் சோறு எறங்காது அத்தை. வயித்துல இருக்கது கேக்கும், எதைத் தின்னு என்னை வளத்தேன்னு."

யாரும் தடுக்கவில்லை. பிள்ளை தூங்கப் போயிருந்தார். ஆவுடைத்தாய் கண்டாள், கண்டும் காணாதவளாகத் திரும்பிக்கொண்டாள். அம்மையப்பன் கிணற்றடியில் இருந்தான், வாயைக் கொப்பளித்துக்கொண்டு. நல்லாத்தான் இருந்ததாம்! கோமு அவன் முதுகைத் தாண்டிப் போனாள். அவன் திரும்பவில்லை.

சுடலைக்கண்ணு வண்டியைப் பூட்டினான். கூட்டத்தை விலக்கி விலக்கி ஆற்றுப் பாலத்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கத்து வண்டி அப்போதுதான் வந்து நின்றிருந்தது. கல்லிடைக்குறிச்சிக்குப் போகிற வண்டி எதிரில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது.

பிளாட்பாரத்தில், வெள்ளைச் சட்டையும் சரிகைத் தொப்பியுமாக ஒருவர் இறங்கி வந்தார். பிள்ளை வீட்டுக்குப் பலதடவை வந்துபோன மனுஷர். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கோமு பார்த்திருக்கிறாள்.

முகம்மது சுல்தான் வண்டிக்காரனைப் பார்த்து அடையாளம் கண்டு நின்றார். "என்ன சுடலை, அம்மையப்பம் பிள்ளை வீட்டுத் தாயியா? நான் ஒங்க வீட்டுக்குத்தாம்மா போறேன், அப்பளம் பாக்க. நீங்க என்ன, தேர் அன்னைக்கு ஊருக்கா?"

அத்தை கோமுவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம்ட்டி. வீட்டு அழுக்கைத் தெருவுல அலசாத."

கோமு ஓலைப்பெட்டியைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தாள். உளுந்தும் பெருங்காயமும் மணத்தன. ஓர் அப்பளத்தை எடுத்து நீட்டினாள்.

"இதை வச்சுக்கிடுங்க. இது எங்க அத்தை கை. அங்கன போயி, அவுக எடுத்துத் தர்றதைப் பொரிக்கச் சொல்லாதிய. நீங்களா ஒரு பெட்டியைத் தொட்டு, தொறக்கச் சொல்லி, அடியில இருந்து எடுத்துப் பொரிக்கச் சொல்லுங்க. ரெண்டையும் ஒத்துப் பாருங்க."

சுல்தான் அவளை ஏறிட்டுப் பார்த்தார். வியாபாரத்தில் தலை நரைத்தவர். அப்பளத்தைக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ரயில் ஊதியது. அத்தை ஏறிவிட்டாள். கோமு படியில் கால் வைத்தபோது அவர் கேட்டார்.

"அம்மையப்பம் பிள்ளைகிட்ட ஏதும் சொல்லணுமா தாயி?"

கோமு கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"நான் ஒண்ணும் சொல்லச் சொல்லல. மத்தியானம் அந்தப் பெட்டி அப்பளத்தை அவுக தின்னு பாத்துட்டு, நல்லாத்தான் இருக்குன்னாக. ஒங்க மூஞ்சியைப் பாத்தும் அதையே சொல்லுதாகளான்னு மட்டும் கேட்டுச் சொல்லி அனுப்புங்க. அதைப் பொறுத்துத்தான் நான் திரும்பி வாரதும் வராததும்."